மூன்று விசிலுக்கு வேகாத கிழங்கு

உருளைக்கிழங்கு வேகவைப்பதில் என் மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி அம்மா. கல்யாணமான நாளிலிருந்து குக்கரில் கிழங்குக்கு மூன்று விசில்தான். இரண்டு வைத்தால் நறுக்கென்று நிற்கும். நான்கு வைத்தால் குழைந்து கூழாகும். மூன்று வைத்தால் கிழங்கு தானே சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து தட்டில் உட்காரும். நிம்மதி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதை நான் அந்த மூன்றாவது விசிலில்தான் கண்டிருக்கிறேன்.

கிழங்குக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள். வருகிறேன். ஓய்வுபெற்றவனிடம் வாக்குமூலம் கேட்டால் அது ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வரும். அதுவும் என்னை இந்தக் குடத்தில் கொண்டுவந்து பெல்ட் போட்டு வைத்திருக்கிறீர்கள். எடையே இல்லாத இடம். டீயைப் பையில் அடைத்து உறிஞ்சச் சொல்கிறீர்கள். உங்கள் பேனா இரண்டு தடவை என் மூக்கைத் தாண்டி மிதந்து போய்விட்டது. மூன்றாவது தடவை நானே பிடித்துக் கொடுத்தேன். ஒத்துழைத்தேன் என்று அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கீழே நிலத்தில் இருக்கும் நீதிபதி இதைப் படிப்பார் என்றீர்கள். அவருக்காக நம் ஊரைப் பற்றி நாலு வார்த்தை.

நம் ஊர் விண்வெளியில் சுழல்கிற ஒரு வண்டிச் சக்கரம். நடுவில் குடம், அதாவது நீங்களும் நானும் மிதக்கிற இந்த இடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்பிப் போய்ச் சேரும் விளிம்பு வட்டை. வட்டையின் உள்பக்கத்தில்தான் தெரு, வீடு, கடை, பள்ளிக்கூடம், சலூன், வம்பு எல்லாம். வாளியில் தண்ணீர் ஊற்றிக் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் தண்ணீர் கொட்டாமல் வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா. சக்கரம் வாளி, நாங்கள் தண்ணீர். வேகமாகச் சுற்றினால் எடை கூடும், மெதுவாகச் சுற்றினால் குறையும். இங்கே பிறந்தவனும் நாளைக்குக் கீழே இறங்கினால் தடுமாறாமல் நடக்க வேண்டும் என்பதற்காக, நிலத்தில் என்ன எடையோ அதே எடை இங்கேயும் இருக்கும்படி வேகத்தை வைத்திருந்தார்கள்.

அந்த வேகத்தைக் காவல் காப்பதுதான் சமநிலை அறை. நான் தலை நரைத்த இடம். வேலை ரொம்பச் சுலபம். குடத்தில் ஏரி மாதிரி ஒரு தொட்டி இருக்கிறது, வட்டையில் தரைக்கு அடியில் தொட்டிகள் இருக்கின்றன. தண்ணீரைக் குடத்துக்கு ஏற்றினால் சக்கரம் வேகம் பிடிக்கும். வட்டைக்கு இறக்கினால் மெதுவாகும். கையை ஒடுக்கிக்கொண்டு சுழல்கிறவன் வேகமாகவும், விரித்துக்கொண்டு சுழல்கிறவன் மெதுவாகவும் சுற்றுகிறான் இல்லையா, அதே சங்கதி.

ஏற்றுவதா இறக்குவதா என்பதை யார் சொல்வது? சாட்சிக்கல்.

பெயர்தான் கல். கைக்கு அடக்கமான எஃகுக் குண்டு. காலையில் ஒரு சுருள்வில் தராசில் அதைத் தொங்கவிடுவோம். முள் சிவப்புக் கோட்டில் நின்றால் ஊர் சரியான வேகத்தில் சுற்றுகிறது. கோட்டைத் தாண்டி இறங்கினால் வேகம் அதிகம், தண்ணீரை வட்டைக்கு இறக்கு. கோட்டுக்கு மேலே நின்றால் வேகம் போதாது, குடத்துக்கு ஏற்று. கருவிகளும் இருந்தன, இல்லாமல் என்ன. ஆனால் ஊரை நிறுவிய பெரியவர்கள் கருவிகளால் ஒரு தடவை சூடுபட்டவர்கள். ‘கருவி பொய் சொல்லும், கல் பொய் சொல்லாது’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கருவிக்கும் கல்லுக்கும் ஒத்துப்போகாவிட்டால் கருவியைத்தான் திருகிச் சரிசெய்வோம். நானே எத்தனை தடவை திருகியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்றபோது எனக்கு ஒரு மரியாதை செய்தார்கள். சாட்சிக்கல்லைத் துடைத்துப் பளபளவென்று வைக்கும் கௌரவப் பொறுப்பு. கௌரவம் என்றால் மற்ற எல்லாரும் செய்ய மாட்டேன் என்ற வேலை. எனக்குப் பிறகு அறைக்கு வந்தவனை நாங்கள் அரைக்கண் என்று கூப்பிடுவோம். பிறக்கும்போதே கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பிறந்தவன். மீதியை உத்தியோகம் மூடிவிட்டது. நல்ல பையன். அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தான், சட்டப்படி தண்ணீரை இறக்கினான். நீங்கள் சரியாகக் கவனித்தால், அம்மா, சக்கரத்தை மெதுவாக்கியது அவன்தான். நான் ஒரு குழாயைக்கூடத் தொட்டதில்லை.

இனி குடும்பத்துக்கு வருகிறேன்.

என் மனைவி திரை தைக்கிறவள். வட்டையில் இருக்கிற அத்தனை ஜன்னலுக்கும் அவள் கைத் திரைதான். இங்கே திரை என்பது அலங்காரம் இல்லை, அவசியம். ஜன்னலைத் திறந்து பார்த்தால் நட்சத்திரங்கள் பம்பரம் மாதிரி சுற்றும், பார்க்கிறவனுக்குக் காலையில் சாப்பிட்டது மாலைக்குள் திரும்பி வரும். அதனால் திரை விலகாமல் தொங்குவதற்காக அடி மடிப்பில் வரிசையாக ஈயக்குண்டு வைத்துத் தைப்பாள். சும்மா வைக்க மாட்டாள். துணியில் கறை படுமாம். ஒவ்வொரு குண்டுக்கும் பச்சைச் சாயம் பூசி, காயவைத்து, அப்புறம்தான் தைப்பாள். அவ்வளவு நறுவிசு.

அவளுக்கு ஒரு அக்கா. கீழே இருக்கிறாள். இருவருக்கும் ஒரு கத்தரிக்கோல் விஷயமாகச் சண்டை. இவள் சக்கரத்துக்குக் கிளம்பிய வாரம் மூத்தவள் அதை இரவல் வாங்கினாள், திருப்பித் தரவில்லை. அன்று தொடங்கிய சண்டை. பாதியில் நிற்பதற்குக் காரணம் தூரம். இங்கிருந்து ஒரு வார்த்தை கீழே போய்ச் சேர ஒரு டீ ஆறும். பதில் வந்து சேர இன்னொரு டீ ஆறும்.

“என் கத்தரிக்கோலை அமுக்கினவதானே நீ” என்று இவள் சுவரில் இருக்கும் வீடியோத் திரையைப் பார்த்துக் கத்துவாள். கத்திவிட்டுப் போய்க் கிழங்கு உரிப்பாள். உரித்து முடிப்பதற்குள் கோபம் போய்விடும், பாட்டு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து மூத்தவள் திரையில் வருவாள். “அடியே, அது அம்மா எனக்குக் குடுத்ததுடி. உனக்கு என்னைக்குமே வாய்தான். சரி, சாப்பிட்டியா? அந்த மனுஷன் ஒழுங்கா இருக்காரா, இல்ல இன்னும் அப்படியேதானா?”

அந்த மனுஷன் நான்தான்.

பிறகு மூத்தவளுக்கு மூச்சிறைப்பு வந்தது. பேச்சுக்கு நடுவில் இருமல் வரத் தொடங்கியது. ஒரு நாள் என் மனைவி வெளியே போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, அடுத்த கப்பல்ல எடம் பதிஞ்சிட்டு வந்துட்டேன். இந்தத் தடவை விட்டா அவளை உசிரோட பாக்க முடியாது. நேர்ல உக்காந்து ஒரு தடவையாவது சண்டையை முழுசாப் போட்டுறணும்.”

நான் கூடப் போக முடியாது. என் இதயம் கப்பலுக்கு ஆகாது என்று நடை டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார். தலைவலி என்று போனாலும் நடக்கச் சொல்லும் டாக்டர் அவர், அதனால் அந்தப் பெயர். அவள் போனால் அந்தக் கப்பல் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போதுதான் வர முடியும். அதற்கு வருஷக்கணக்காகும்.

“நீங்க தனியா இருந்துக்குவீங்களா?” என்று கேட்டாள்.

“எனக்கென்ன, ராஜா மாதிரி இருப்பேன். நீ போயிட்டு வா” என்றேன்.

இந்த வரியைக் கோடு போட்டு வையுங்கள். நான் தடுக்கிற ஆள் இல்லை.

அவள் “அப்பாடா” என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாடா என்றால் என்ன? முழங்கால் வலி. இத்தனை வருஷம் தையல் இயந்திரத்தில் மிதித்த கால். பாவம், வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். அவளுடைய எடையைக் கொஞ்சம் குறைத்தால் முழங்காலுக்கு இதமாக இருக்குமே என்று தோன்றியது. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் கரண்டி பறக்கும். ஊர் வேகத்தைக் குறைப்பது அதைவிடச் சுலபம். கப்பலுக்கு இடம் பதிந்த அன்றே எனக்கு இது தோன்றியது தற்செயல்.

சாட்சிக்கல்லின் தலையில் ஒரு திருகு மூடி உண்டு. உள்ளே சின்ன வயிறு. கல் தேய்ந்தால் எடையை ஈடுகட்டுவதற்காகச் செய்தவன் வைத்த இடம். மறுநாள் துடைக்கும்போது மூடியைத் திருகி, வீட்டுத் திரையிலிருந்து பிரித்த ஒரே ஒரு ஈயக்குண்டை உள்ளே போட்டேன். பச்சைக் குண்டு. மிளகு மாதிரி இருந்தது. கல்லைத் தொங்கவிட்டேன். முள் சிவப்புக் கோட்டை ஒரு மயிரிழை தாண்டியது.

“சார், வேகம் கொஞ்சம் கூடியிருக்கே” என்றான் அரைக்கண்.

“கல் சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி” என்றேன்.

தண்ணீரை இறக்கினான். முள் கோட்டுக்கு வந்தது. ஊர் ஒரு மயிரிழை லேசாயிற்று.

இதில் ஒரு அழகு இருக்கிறது, அம்மா, வேலை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். கல் கனக்கக் கனக்க ஊர் லேசாகிறது. ஊர் லேசாக ஆக, கனத்த கல்லைக் கையில் எடுத்தாலும் பழைய கனம்தான் தெரியும். யார் தூக்கிப் பார்த்தாலும் சந்தேகம் வராது. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி கல்லைக் கையில் உருட்டிப் பார்த்து, “அந்தக் காலத்துப் பொருள், மாறவே மாறாது” என்று கண்கலங்கினார். நான் துணியை எடுத்துக் கொடுத்தேன்.

தினம் ஒரு குண்டு போட்டேன். சில நாள் இரண்டு. வீட்டுத் திரைகள் தீர்ந்ததும் மாடிப்படித் திரை, பிறகு நூலகத் திரை, பிறகு மணமண்டபத்தின் பெரிய திரை. அது ஒரு தங்கச்சுரங்கம்.

எடை குறைந்தால் ஜனங்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். நானும் முதலில் பயந்தேன். ஆனால் ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டேன். எடை கூடினால் மனிதன் எந்திரத்தைச் சந்தேகப்படுவான். குறைந்தால் தன்னைத்தான் பாராட்டிக்கொள்வான். வட்டையில் ஒருவர் பாக்கியில்லாமல் இளைத்தார்கள். நடை டாக்டரின் பேர் எட்டுத் திக்கும் பரவியது. அவர் நடக்கச் சொன்னவர்களும் இளைத்தார்கள், நடக்காமல் வீட்டில் படுத்துக்கொண்டு பொய் சொன்னவர்களும் இளைத்தார்கள். ‘மனசார நினைச்சாலே போதும்’ என்று அவரே ஒரு கட்டத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். பந்தாட்டக்காரர்கள் அடித்த பந்து தெருவைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் இன்னொரு ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது. நடனப் பள்ளியில் பிள்ளைகள் குதித்தால் இறங்கிவர நேரம் பிடித்தது, ஆசிரியை தன்னைத்தானே மேதை என்று அறிவித்துக்கொண்டார். காய்கறிக் கடையின் சுருள்வில் தராசில் கிலோவுக்கு நாலு கிழங்கு கூட நின்றது. கடைக்காரர் சரக்கு குறைவதைப் பார்த்து எலி என்றார். சக்கரத்தில் எலியே கிடையாது. இருந்தாலும் பொறி வாங்கிவைத்தார்.

நான் பார்த்த ஊரிலேயே சந்தோஷமான ஊர் அந்த ஒரு வருஷத்து ஊர்தான். என்னை யாரும் பாராட்டவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வீட்டில்தான் சில்லறைத் தொந்தரவுகள். ஒரு நாள் தட்டில் விழுந்த கிழங்கு டொக்கென்றது.

“என்னமோ தெரியலைங்க. மூணு விசில் வந்துருச்சு, கெழங்கு வேகவே இல்ல.”

குக்கர் மூடிமேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குண்டு வெயிட் இருக்கிறதே, அது தன் கனத்தால்தான் ஆவியை உள்ளே அமுக்கி வைக்கிறது. ஊர் லேசானால் அதுவும் லேசாகும், ஆவி சீக்கிரமே தூக்கிவிடும், சூடு ஏறுவதற்கு முன்னாலேயே விசில் வந்துவிடும். இது எனக்குத் தெரியும். அவளிடம் “கெழங்கு பழசா இருக்கும்” என்றேன். அவள் நாலு விசிலுக்குப் போனாள். பிறகு ஐந்து. பிறகு ஏழு. நான் வேகாத கிழங்கை வாய்திறக்காமல் மென்றேன். அவளுக்காக நான் பட்ட கஷ்டங்களில் இதையும் சேருங்கள்.

இன்னொரு நாள் குண்டு இல்லாத திரை பறந்து ஜன்னல் தெரிந்தது. அவள் நின்று பார்த்தாள்.

“ஏங்க, முன்னெல்லாம் இதைப் பாத்தா கொமட்டும். இப்ப நட்சத்திரமெல்லாம் என்னமோ உலாத்துற மாதிரி போகுது.”

“வயசானா எல்லாம் பழகிடும்” என்றேன்.

“எனக்கா வயசாச்சு, நட்சத்திரத்துக்கா?” என்றாள். சிரித்துச் சமாளித்தேன்.

கப்பல் வந்தது. கீழே இறங்குகிறவர்கள் எலும்புச் சோதனை தேற வேண்டும் என்பது விதி. எலும்பு ஒரு சோம்பேறி, அம்மா. சுமை இருந்தால்தான் கெட்டியாக இருக்கும், சுமை குறைந்தால் ‘நமக்கென்ன’ என்று கரைய ஆரம்பித்துவிடும். என் மனைவி தேறவில்லை. இந்தக் காலோடு கீழே இறங்கினால் முதல் படியிலேயே இடுப்பு முறியும் என்றார் நடை டாக்டர். வயசாகிவிட்டது என்று ஆறுதல் சொன்னார். அதன்பிறகு வரிசையில் நின்ற பந்தாட்டக்காரன் தேறவில்லை. நடன ஆசிரியை தேறவில்லை. கல்லூரிக்குப் போகக் கனவு கண்டுகொண்டிருந்த பிள்ளைகள் ஒருவர்கூடத் தேறவில்லை. கடைசியில் டாக்டர் சந்தேகப்பட்டுத் தன்னையே சோதித்துப் பார்த்துவிட்டு அன்று வீட்டுக்கு நடக்காமல் வண்டியில் போனார். குடிதண்ணீரில் ஏதோ கோளாறு என்று அறிக்கை வந்தது. கப்பல் காலி இருக்கைகளோடு கீழே போயிற்று.

அந்த வருஷம் நடக்கப் பழகிய குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். உண்மைதான். அவர்கள் பழகியது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போன எடையில். அவர்களுக்குக் கீழே ஒரு உலகம் இருக்கிறது என்பது இனிமேல் படத்தில் பார்க்கிற விஷயமாகவே இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் விழுந்தால் அவர்களுக்கு அடிபடுவதில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

சோதனை முடிந்த அன்று என் மனைவி அழவில்லை. கிழங்கு உரித்தாள். உரித்ததையே மறுபடி உரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “போனா போகுது விடு. உன் முழங்கால் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“என் முழங்காலுக்கு என்ன?” என்றாள்.

பெருந்தன்மை.

மறுநாளும் ஒரு குண்டு போட்டேன். கப்பல்தான் போய்விட்டதே, இனி எதற்கு என்று கேட்கிறீர்கள். பழக்கம். அடுத்த கப்பல் என்றும் ஒன்று இருக்கிறதல்லவா. முழங்காலைச் சொல்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. செய்தி கேட்டு மூத்தவள் இரண்டு டீ ஆறும் நேரம் கழித்துத் திரையில் வந்தாள். இருமினாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “நீ வராட்டி என்னடி. நான் வர்றேன். கத்தரிக்கோலையும் எடுத்துட்டு வர்றேன். மூஞ்சியில வீசிட்டுப் போறேன்.”

கீழே இறங்கத்தான் சோதனை. மேலே ஏறுவதற்குக் கிடையாது. அந்தக் கப்பல் கீழே போய்த் திரும்பும்போது அதிலேயே ஏறிவிட்டாள். இப்போது வழியில் இருக்கிறாள்.

என் மனைவி வீட்டைத் தலைகீழாக்கிச் சுத்தம் செய்தாள். என் நாற்காலியை அக்காவுக்கு ஒதுக்கினாள். எல்லாம் சரி. ஆனால் மூத்தவளுக்குப் பல் இல்லை. கிழங்கு பஞ்சாக வேக வேண்டும். பத்து விசிலுக்கும் பஞ்சாகவில்லை. கடைக்குப் போய்ப் புதிய வெயிட் வாங்கி வந்து போட்டாள். அதுவும் அதே மாதிரி அவசரப்பட்டுக் கத்தியது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பழைய வெயிட், புதிய வெயிட் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு நேராகச் சமநிலை அறைக்கு வந்துவிட்டாள். நான் அப்போது கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, இதைத் தொங்கவிட்டுப் பாரு” என்றாள் அரைக்கண்ணிடம். வெயிட்டின் அடியில் எத்தனை கிராம் என்று அச்சடித்திருந்தது. தராசு அதில் மூன்றில் இரண்டு பங்குதான் காட்டியது.

“கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் அக்கா” என்றான்.

“இதையும் தொங்கவிடு.”

பழையதும் அதே மூன்றில் இரண்டு.

“இது என் கல்யாணத்துக்கு வந்தது. அது நேத்து வாங்கினது. ரெண்டு கம்பெனிக்காரனும் பேசிவெச்சுக்கிட்டு ஒரே அளவாவா ஏமாத்துவான்?”

அரைக்கண்ணின் மூடியிருந்த பாதிக் கண்ணும் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். “அக்கா, கல் பொய் சொல்லாது” என்று சுவரைக் காட்டினான்.

“கல்லு சொல்லாது. அதைத் தொடைக்கிறவரு?” என்றாள்.

என் கையிலிருந்து கல்லை வாங்கினாள். தலையில் இருந்த திருகைப் பார்த்தாள். முப்பது வருஷம் ஊறுகாய் ஜாடி திறந்த கை. ஒரே திருகு. மேசைமேல் கவிழ்த்தாள்.

பச்சைக் குண்டுகள் மெத்தென்று விழுந்து, ஆளுக்கொரு பக்கமாக நிதானமாக உருண்டன. ஊர் லேசு அல்லவா, எதற்கும் அவசரமில்லை. ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். அவள் பூசிய சாயம். அவளைத் தவிர இந்த ஊரில் யாரும் ஈயக்குண்டுக்குச் சாயம் பூச மாட்டார்கள்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குண்டுகளை முந்தானையில் பொறுக்கிக் கட்டிக்கொண்டாள். “மணமண்டபத்துத் திரையுமா?” என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்தாள்.

இதுதான் நடந்தது. ஊரின் எடையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது நான். குறைத்த கை வேறொருவனுடையது என்றாலும், காரணம் நான். ஒத்துக்கொள்கிறேன். நோக்கம் என்ற இடத்தில் முழங்கால் என்று எழுதுங்கள்.

ஏன் எழுதாமல் இருக்கிறீர்கள்?

“உங்க வீட்டம்மா குடுத்த வாக்குமூலத்துல ஒரு எடம் இருக்குய்யா. படிக்கட்டுமா?” என்று கேட்கிறீர்கள். படியுங்கள்.

“‘எனக்கு முழங்கால் வலியே கெடையாது. வலி அவருக்குத்தான். நான் இல்லாம ஒரு நாள் தனியா இருக்கப் பயம். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்காவை அப்பவே மேல வரச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல வாய் வராம, ஊரையே லேசாக்கிட்டாரு.’”

நன்றாகப் பேசுவாள். அக்காவோடு பேசிப் பேசி வந்த திறமை. ஆனால் அது அவளுடைய அனுமானம். ராஜா மாதிரி இருப்பேன் என்று நான் சொன்னதை நீங்களே கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். பயந்தவன் அப்படிச் சொல்வானா?

ஊரை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக வேகப்படுத்தப் போகிறார்களாம். எலும்பு தேறிவிட்டால் மூத்தவளோடு அடுத்த கப்பலில் இறங்கிவிடுவேன் என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். தாராளமாகப் போகட்டும். நான் தடுக்கிற ஆள் இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? பேனா மிதக்கிறது, பிடியுங்கள். நன்றி.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கைதியைப் பார்க்க வீட்டார் வரலாம் என்று விதி இருக்கிறதல்லவா. அவளைத் தினமும் வரச் சொல்லுங்கள். வந்தால் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், தையலைக் கொண்டுவந்து நாள் முழுக்க இங்கேயே இருக்கட்டும். குடத்தில் எடையே இல்லை பாருங்கள். அவள் முழங்காலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.